பயிற்சிக் கூடத்தின் கதவு திறந்திருக்கிறதா?

விளையாட்டைப் பற்றி வட சென்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டை தலைமுறைகளைத் தாண்டி வந்திருக்கிறது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடாத தெருவைத் தேடத்தான் வேண்டும். வண்ணாரப்பேட்டை வட்டாரத்தின் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இந்த ஆட்டங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: பெரும்பாலும் இவை ஊர் பார்க்க நடப்பவை. வாத்தியார் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார், பையனை எப்படித் திட்டுகிறார் என்பதெல்லாம் டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். ஜிம்னாஸ்டிக்ஸ் அப்படி இல்லை. அதற்குக் கூரை வேண்டும், பாய் வேண்டும், கம்பிகளும் கட்டைகளும் வேண்டும். அதனால் அது நான்கு சுவருக்குள் போய்விடுகிறது. திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஒரு தாய் தன் ஆறு வயது மகளை அதில் சேர்க்க நினைத்தால், அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது: பயிற்சி நேரம் முழுவதும் நான் உட்கார்ந்து பார்க்கலாமா?

பொதுவாக நாம் பார்ப்பது வேறு. சுவரில் வரிசையாக மாட்டிய கோப்பைகள், மாதக் கட்டணம், வீட்டிலிருந்து தூரம். கோப்பைகள் அந்த இடத்தில் தேறிய நான்கு பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும். பாதியில் நின்றுபோன நாற்பது பேரைப் பற்றிச் சொல்லாது. பிரிட்டனில் ஆன் வைட் என்ற வழக்கறிஞர் இந்த விளையாட்டை ஆராய்ந்து 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் இது விளங்கும். அவருக்கு 400க்கும் மேற்பட்டோர் எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியவற்றில் 40 விழுக்காட்டுக்கு மேல் பயிற்சியாளர்களின் உடல்ரீதியான கொடுமையைப் பற்றியவை. அழ அழக் காலை விரித்து அழுத்துவது, அடிபட்ட பிள்ளையை விடாமல் ஆட வைப்பது, தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் தடை போடுவது. பணமும் கருவிகளும் விதிமுறைகளும் நிறைந்த ஒரு நாட்டின் நிலை இது. கருவி நிறைந்திருந்தால் பிள்ளை பத்திரம் என்ற கணக்கு அங்கேயே பொய்த்துவிட்டது.

உள்ளே உட்கார இடம் கிடைத்தால் எதைப் பார்ப்பது? ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியாத பெற்றோருக்கும் புரியும் விஷயங்கள்தான். சாதாரணக் குட்டிக்கரணமும், கையூன்றி நிற்பதும், குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்குவதும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கின்றனவா? எப்படி விழுவது என்பதைத் தனியாகக் கற்றுத்தருகிறார்களா? சேர்ந்த இரண்டாம் மாதமே பிள்ளை பின்பல்டி அடித்து, அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் இடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இந்த விளையாட்டில் கை மணிக்கட்டு உடல் எடை முழுவதையும் தாங்குகிறது. வளரும் வயதில் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சிப் பகுதி இளசாக இருக்கும். முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டே இருந்தால் கீழ்முதுகு எலும்பில் கீறல் விழக்கூடும். மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒரு குழந்தை சொன்னதும் மாஸ்டர் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். உட்கார வைத்தால் நல்ல மாஸ்டர். அவசரப்படக் காரணமும் இல்லை. 1997 முதல் பெண்களுக்கான ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் 16 வயது நிரம்பும் ஆண்டில்தான் களமிறங்க முடியும். ஆறு வயதில் சேரும் பிள்ளைக்குப் பத்து ஆண்டு இருக்கிறது.

நம் பகுதியில் வசதியான கூடத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத் திரிபுராவில் பதில் இருக்கிறது. அகர்தலாவில் ஆறு வயதில் தொடங்கிய தீபா கர்மாகர், பழைய ஸ்கூட்டர் உதிரிகளால் செய்த குதிபலகையில் பழகியவர். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம், வெண்கலம் 0.150 புள்ளியில் கைநழுவியது. இதைக் காட்டி, பாய் இல்லாமல் சிமெண்ட் தரையில் கற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வசதி குறைந்த இடம் குறைவாகத்தான் கற்றுத்தர வேண்டும். பாய் மெலிதாக இருக்கிறது, அதனால் பல்டி இப்போது வேண்டாம் என்று சொல்லும் பயிற்சியாளர், பத்து லட்சம் ரூபாய் கருவிக்கு நடுவே பிள்ளையை அவசரப்படுத்துபவரைவிட மேலானவர்.

கண்டிப்பு இல்லாமல் வித்தை வருமா என்று கேட்கும் தாத்தாக்கள் நம் வீடுகளில் உண்டு. வாத்தியார் அடித்து வளர்ந்த தலைமுறை அது. அவர்களின் மரியாதையைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் நேரத்துக்கு வரச் சொல்வதும், சோம்பேறித்தனத்தைக் கண்டிப்பதும் வேறு. வலிக்கிறது என்று அழும் பிள்ளையின் தொடையில் ஏறி உட்காருவது வேறு. வலியைச் சொன்னால் திட்டு விழும் என்று கற்றுக்கொண்ட குழந்தை, எலும்பு முறிந்தாலும் சொல்லாது. தன் பொறுப்பில் உள்ள சிறாரைத் துன்புறுத்துவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அமெரிக்க அணியின் மருத்துவர் லாரி நாசர், சில சிறுமிகளிடம் பெற்றோர் அறையில் இருக்கும்போதே, சிகிச்சை என்ற பெயரில் தவறாக நடந்தவர். 2018 ஜனவரியில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தங்கள் கதையைச் சொன்ன பிறகு, 40 முதல் 175 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டது. அப்படியானால் பார்த்துக்கொண்டிருந்து என்ன பயன்? பார்ப்பது மட்டும் போதாது என்பதே அதற்குப் பதில். 1997லேயே ஒரு சிறுமி தன் பயிற்சியாளரிடம் முறையிட்டும் அது அமுக்கப்பட்டது. ஆக, பிள்ளை பேசவும் வேண்டும், கேட்கும் காதும் வேண்டும். இந்த விளையாட்டில் தொடாமல் கற்றுத்தர முடியாது. கரணம் அடிக்கையில் இடுப்பிலும் முதுகிலும் கை கொடுத்துத் தாங்கித்தான் ஆக வேண்டும். எங்கே பிடிப்பேன், எதற்காக என்று முன்கூட்டியே சொல்லி, எல்லோர் கண்முன்னும் செய்பவரை நம்பலாம். தனி அறை, தனிப்பட்ட மசாஜ், இரவில் பிள்ளையின் போனுக்குச் செய்தி, ‘அம்மாவிடம் சொல்லாதே’ என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். சென்னையிலேயே 2021 மே மாதத்தில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானார். அந்தச் சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் மறைக்கும் நிர்வாகியும் குற்றவாளியே. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளையையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.

துறைமுகத்திலும் ஆலையிலும் ஷிப்ட் பார்க்கும் பெற்றோர் தினமும் உட்கார முடியாது, உண்மைதான். நான்கு வீட்டார் பேசிவைத்து முறை வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் இருந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும் என்று மாஸ்டர் சொன்னால், ஓரத்தில் பேசாமல் உட்காருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாலையில் பிள்ளையை அழைத்துப்போவதும் கவலைதான். 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுவதால், நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல கூடம், லாரிச் சாலையைக் கடந்து போக வேண்டிய சுமாரான கூடத்தைவிடப் பக்கம்.

பயிற்சியாளர் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் படித்தவரா என்று கேட்பதும் நல்லது. டிப்ளமோவுக்கும் ஆறு வாரச் சான்றிதழுக்கும் வேறுபாடு உண்டு. அரசு வேலையில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது என்பதற்காகச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் பிள்ளைக்கு அது பல ஆண்டு தூரத்தில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் மூன்று வகுப்புகளை முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால், எத்தனை கோப்பை இருந்தாலும் அந்தக் கூடத்தில் சேர்க்காதீர்கள்.