நெடுந்தூர அடிக்கு எந்த மட்டை?

அலுவல் காரணமாகத் தில்லி, கொல்கத்தா, பெங்களூர், புனே முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் சிலருக்குக் கோல்ஃப் என்னும் குழிப்பந்தாட்டம் நடுவயதிலேதான் அறிமுகமாகிறது. உடன் பணிபுரிவோர் அழைக்கின்றனர், நாமும் செல்கிறோம். பந்தை வெகுதூரம் அடிக்க வேண்டும் என்பதே முதலில் எழும் ஆசை. அந்த ஆசையினால், மேலதிகாரியின் பையில் கண்ட மட்டையைப் போன்ற ஒன்றைச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிவிடுவோரும் உளர். பிறர் கைக்கு இசைந்த மட்டை நம் கைக்கும் இசையும் என்பதற்கு உறுதி ஏது? ஆதலின், நெடுந்தூர அடிக்குரிய மட்டைகளின் இயல்பைச் சற்று ஆராய்வோம்.

இவ்வாட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ஃப் கழகங்களுள் மிகப் பழையது, 1829இல் கொல்கத்தாவில் நிறுவப்பெற்ற ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் ஆகும். ஆட்ட விதிப்படி ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது. எனவே, பையில் இடம் பெறும் ஒவ்வொரு மட்டைக்கும் தனி வேலை இருத்தல் வேண்டும்.

ஆட்டத் தொடக்கத்தில் சிறு முளையின்மேல் பந்தை வைத்து அடிக்க டிரைவர் உதவுகிறது. அடுத்த அடியில் பந்து புல்லின்மேல் கிடக்கிறது. குழியோ இன்னும் 200 கஜத்துக்கு அப்பால் இருக்கிறது. இங்கேதான் தேர்வு தேவைப்படுகிறது. நம் முன் மூவகை மட்டைகள் உள்ளன.

முதலாவது ஃபேர்வே வுட். முன்னாளில் இதன் தலை பெர்சிமன் என்னும் உறுதியான மரத்தால் ஆனது; இன்று உலோகத்தால் செய்யப்படினும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. மூன்றாம் எண் வுட்டின் முகம் ஏறத்தாழ 15 பாகை சாய்ந்திருக்கும். தண்டின் நீளம் ஏறக்குறைய 43 அங்குலம். ஐந்தாம் எண் வுட்டின் சாய்வு 18 பாகை அளவில் இருக்கும். இரண்டாவது நீள இரும்பு மட்டை. மூன்றாம் எண் இரும்பின் சாய்வு 20 பாகையை ஒட்டியது, நீளம் 39 அங்குலம் அளவு, தலை மெல்லியது. மூன்றாவது ஹைபிரிட் என்னும் கலப்பு மட்டை. சாய்வில் இரும்பை ஒத்தும், தலையின் வடிவில் வுட்டை ஒத்தும், நீளத்தில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டும் அமைந்தது இது.

சாய்வு ஒன்றாயினும் பயன் ஒன்றாக இராமைக்குக் காரணம், எடை அமைந்துள்ள இடமே. மெல்லிய இரும்பில் எடை முகத்தை ஒட்டியே நிற்கிறது. பந்து உயர எழ வேண்டுமாயின் கை வேகம் மிகுதியாக வேண்டும். நடு முகத்தில் படாத அடி பெரிதும் தூரம் இழக்கும். வுட்டிலும் கலப்பு மட்டையிலும் எடை தாழ்வாகவும் பின்னுக்குத் தள்ளியும் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே மிதமான வேகத்திலும் பந்து எளிதாக எழுகிறது. உயரத்திலிருந்து இறங்குவதால் அதிகம் உருளாமல் நிற்கிறது. ராயல் கல்கத்தா மைதானத்தைப் போலக் குளங்கள் மலிந்த இடங்களில் இவ்வுயரம் பேருதவி. எதிர்காற்றிலோ தாழப் பறக்கும் இரும்பின் அடிக்குத் தனிச்சிறப்பு உண்டு.

புல்லின் நிலையையும் நோக்க வேண்டும். வெட்டிய புல்லில் வுட்டின் அகன்ற அடிப்பாகம் வழுக்கிச் செல்லும். ஓரத்து நெடும்புல்லிலோ சிக்கிக்கொள்ளும். கலப்பு மட்டையின் குறுகிய தலை அப்புல்லை ஊடுருவிச் செல்ல வல்லது.

வல்லவர் கையில் நீள இரும்பு செய்த அருஞ்செயல்கள் உண்டு. 1950இல் மெரியன் மைதானத்தில் பென் ஹோகனும், 1972இல் பெபிள் பீச்சில் ஜாக் நிக்லாஸும் முதலாம் எண் இரும்பால் அடித்த அடிகள் இன்றும் பேசப்படுகின்றன. ஆயின், 2009இல் அமெரிக்க பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் போட்டியின் கடைசிக் குழியில், 200 கஜத்துக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து கலப்பு மட்டையால் பந்தைக் குழியருகே சேர்த்து டைகர் வுட்ஸை வென்றார், கொரியாவின் ஒய்.இ. யாங். எளிய மட்டையை எடுப்பது இழுக்கன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தூரம் மட்டுமே வெற்றி தராது என்பதைத் தலைநகரில் வாழும் நம்மவர் கண்ணெதிரே காணலாம். தில்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் பாதை குறுகலானது. இருபுறமும் அடர்ந்த புதர்கள். 2025இல் அங்கு ஆட வந்த ரோரி மெக்கில்ராய், தூர அடிக்குப் பெயர் பெற்றவராயிருந்தும், டிரைவரைத் தவிர்த்து ஆட முடிவு செய்தார். கொல்கத்தா மைதானக் காப்பாளர் ஒருவரின் மைந்தரான எஸ்.எஸ்.பி. சௌரசியா, நெடுந்தூர அடிக்குப் பெயர் போனவரல்லர். எனினும் அதே தில்லி மைதானத்தில் 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸையும், 2016இல் இந்தியன் ஓப்பனையும் வென்றார்.

அவ்வாறாயின் நாம் தேர்ந்தெடுப்பது எப்படி? வாங்குமுன் மூவகையிலும் ஒவ்வொன்றை இரவல் பெற்று, மட்டைக்குப் பத்துப் பந்துகள் வீதம் அடித்துப் பார்த்தல் நலம். பயிற்சிக்கூடத்துப் பாய்மீது அடித்தால் மட்டை வழுக்கிப் பிழையை மறைத்துவிடும்; புல்மீதே அடிக்க வேண்டும். பத்தில் மிகத் தொலைவு சென்ற ஒரு பந்தை மறந்துவிட்டு, எத்தனை பந்துகள் பாதைக்குள் நின்றன, பிழைபட்டவை எங்கே விழுந்தன என்று கணக்கிட வேண்டும். இரு மட்டைகள் ஒரே தூரம் அனுப்புமாயின் அவற்றுள் ஒன்று வீண்சுமையே.

புதிதாகப் பயில்வோருக்கும் வயது முதிர்ந்தோருக்கும் ஒரு கலப்பு மட்டையும் ஐந்தாம் எண் வுட்டும் பெரும்பாலும் போதுமானவை. நிலையில் பழுதில்லாத பழைய மட்டையாயினும் குறையில்லை. நம் சிறந்த அடியை நம்பி மட்டை வாங்குதல் ஆசையின் வழி. நம் வழக்கமான அடியை அறிந்து வாங்குதல் அறிவின் வழி. பின்னதே பந்தையும் பணத்தையும் காக்கும்.