ஒன்று முதல் பத்து வரை ஒரு சாப்பாடு

கன்னடக் குழந்தைகள் எண்ணப் பழகும் பாட்டு ஒன்று வாழையிலை விரிப்பதில் தொடங்குகிறது. இரண்டிரண்டு எண்ணாகச் சோறும் பருப்புச் சாறும் கீரைத்தண்டுப் பொரியலும் வரிசையாக வர, பத்தில் இலையை மடித்து எடுத்ததும் கணக்கும் சாப்பாடும் சேர்ந்தே முடிகின்றன. எழுதியவர் ஜி. பி. ராஜரத்னம்; மைசூரில் கன்னடம் படித்தவர், பேராசிரியர், 1978-இல் டெல்லியில் நடந்த கன்னட சாகித்திய சம்மேளனத்தின் தலைவர். ஒரு குடிகாரனின் வாய்மொழியாக ‘ரத்னன பதகளு’ எழுதிய அதே கைதான் ‘துத்தூரி’ போன்ற சிறுவர் பாட்டுகளையும் எழுதியது.

நிதானமாகச் சாப்பிடு என்று இந்தப் பாட்டு எங்கும் சொல்வதில்லை. சொல்லவும் தேவையில்லை. மூன்றிலிருந்து ஏழுக்குத் தாவினால் ஓசை இடறும். கேட்கும் பிள்ளையே சிரித்துத் திருத்திவிடும். பரிமாறும் வரிசையைக் காப்பது இங்கே எண்களின் வேலை.

அவசர உணவைக் கேலி செய்யும் படப்புத்தகம் ஒன்றுக்கும் இதுவே நல்ல வழி. கதாநாயகனைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1986-இல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டு அருகே மெக்டொனால்ட்ஸ் கடை வந்ததைக் கார்லோ பெத்ரீனியும் கூட்டாளிகளும் எதிர்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘ஸ்லோ ஃபுட்’ இயக்கம் 1989-இல் பாரிஸில் தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அதன் சின்னம் நத்தை! மெக்டொனால்ட்ஸ் 1996-இல் டெல்லிக்கும் வந்து சேர்ந்தது.

வில்லனைத் தேடுவதுதான் சிரமம், அதுவும் மைசூரில். செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1961-இல் அமைந்த பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக் கூடமும் சமையல் நேரத்தைக் குறைக்கவும் உணவைக் கெடாமல் காக்கவும் உழைத்து வந்திருக்கின்றன. பனிமலையில் நிற்கும் சிப்பாயிடம் போய் ஆட்டுக்கல்லில் மாவரைக்கச் சொல்ல முடியாது.

ஊரின் பெயரைத் தாங்கிய இனிப்பே பொறுமைக்கு எதிர்சாட்சி. அரண்மனைச் சமையற்காரர் காகாசுர மாதப்பா செய்ததாகச் சொல்லப்படும் மைசூர்பாகுக்கு, பாகில் கடலைமாவைக் கொட்டி, சூடான நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கைவிடாமல் கிளற வேண்டும். மாவு பொங்கி ஓரம் விடும் அந்தக் கணத்தில் தட்டில் கொட்டியாக வேண்டும். சற்றே தாமதித்தால் பல்லைப் பதம் பார்க்கும். தோசைமாவோ இரவு முழுவதும் புளித்தால்தான் ஆயிற்று. ஆக, பிள்ளைக்குக் காட்ட வேண்டியது எதற்கு எவ்வளவு நேரம் என்பதைத்தான். அதையும் பாதி படத்திடம் விட்டுவிடலாம்: பாட்டு பர்கர் தின்ற வேகத்தைப் பெருமையாகப் பாட, படத்தில் தக்காளி சாஸ் மின்விசிறியில் தெறித்திருக்கும்.

மீதிப் பாதி ஓசையின் வேலை. தொல்காப்பியம் கூறும் இருபது வண்ணங்களில் குறில் மிகுந்து வருவது குறுஞ்சீர் வண்ணம், நெடில் மிகுந்து வருவது நெடுஞ்சீர் வண்ணம். ‘கடகட மடமட’ என்று குறிலாக அடுக்கினால் நாக்கு ஓடும். ‘ஆறாத தோசை’ என்றால் நெடில் இழுத்துப் பிடிக்கும். கடைவீதிப் பக்கங்களைக் குறிலிலும் வீட்டுச் சாப்பாட்டுப் பக்கங்களை நெடிலிலும் அமைத்துவிட்டால் அறிவுரைக்கு இடமே இராது. வாய்விட்டுப் படிக்கும் அம்மாவுக்குப் பாதியில் மூச்சு வாங்கும். பிள்ளைக்கு அதுதான் பெரிய வேடிக்கை.