கொன்றையும் நிலாவாரையும்

சேலம் நகருக்கு வடக்கே சேர்வராயன் மலை உயர்ந்து விளங்குகின்றது. அதன்மேல், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், காப்பித் தோட்டங்கள் சூழ அமைந்த ஊரே ஏற்காடு. இம்மலையின் அடிவாரக் காடுகளில், இளவேனிற் காலத்தே, சரக்கொன்றை பொன்னிறப் பூங்கொத்துக்களைத் தாங்கி நிற்கும். பின்னர்த் தோன்றும் நீண்ட காய்கள் முதிர்ந்து கருநிறம் பெறும். அக்காயினுள் விதைகளைச் சூழ்ந்துள்ள சதையை நம் நாட்டு மருத்துவர் மலமிளக்கும் மருந்தாகக் கொண்டனர்.

கொன்றைக்கு உறவான செடி நிலாவாரை. இதனை நிலவாகை எனவும் வழங்குவர். திருநெல்வேலி, தூத்துக்குடி முதலிய மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இது பயிராகின்றது. இதன் இலையும் காயும் திருநெல்வேலியின் பெயராலேயே உலகச் சந்தையில் விலைபோகின்றன.

நிலாவாரை எவ்வாறு தொழிற்படுகின்றது? அதன் இலையில் சென்னோசைடு என்னும் பொருள்கள் உள்ளன. இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதும் மாறுதலின்றிக் கடந்து, பெருங்குடலை அடைகின்றன. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைத்து, வீரியமுள்ள பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் குடலின் தசைகளைத் தூண்டி அசைவிக்கின்றது. மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சாதவாறும் தடுக்கின்றது. இவையெல்லாம் நிகழ 6 முதல் 12 மணி நேரம் செல்லும். ஆதலின், இரவில் உண்ட மருந்து காலையிற் பயன் தரும். இதனை அறியாதார், 'இன்னும் பயன் காணவில்லையே' என்று மீண்டும் உண்டு துன்புறுவர்.

அளவு மிகுமாயின் வயிற்றைப் பிசைந்து வலிக்கும். கழிச்சலுண்டாகி நீரும் பொட்டாசியம் முதலிய உப்புக்களும் உடலினின்று நீங்கும். அதனால் தசைகள் தளரும். நெஞ்சத் துடிப்பும் சீர்கெடக்கூடும். மருத்துவர் கூறினாலன்றி, ஒரு வாரத்திற்குமேல் தொடர்ந்து இதனை உண்ணலாகாது. குழந்தைகளுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் மருத்துவரைக் கேளாமல் கொடுத்தல் கூடாது.

இன்னொன்றை மறவாது மனத்திற் கொள்ளுங்கள். காரணம் அறியாத வயிற்றுவலியும் வாந்தியும் உள்ளபோது பேதி மருந்து உண்ணுதல் பெருந்தீங்கு. குடல்வால் அழற்சியாயின், அது வெடித்து உயிருக்கே ஊறு நேரக்கூடும். குடலில் அடைப்பு இருப்பினும் இடர் பெரிதாம். 'மூலிகைதானே' என்று எண்ணி அத்தகைய வேளையில் காலம் தாழ்த்தாது, மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கீரையும் கனியும் உண்டு, போதிய நீர் பருகி, உடல் உழைத்து வாழ்வார்க்கு இம்மருந்தின் தேவை பெரும்பாலும் நேராது. நேரும்போது, அதன் இயல்பை அறிந்து அளவோடு கொள்வதே அறிவுடைமையாகும்.