குட்டியின் எடை எவ்வளவு?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலை. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன், நாய்க்குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். பிறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். வயிறு பானைபோல் உப்பியிருந்தது. ஆனால் முதுகைத் தடவினால் விலா எலும்புகள் விரலில் தட்டுப்பட்டன.

“வயிற்றில் பூச்சி இருக்கிறது சார். தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் தந்த பூச்சி மாத்திரை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிடட்டுமா?” என்று கேட்டான்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன்; கால்நடை மருத்துவன் அல்லன். ஆனால் அந்த மாத்திரையின் உறையில் அச்சிட்டிருந்த எண் என் கண்ணில் பட்டது: 400 மி.கி. “கொடுக்காதே தம்பி, முதலில் குட்டியின் எடை எவ்வளவு என்று பார்ப்போம்” என்றேன். சமையலறைத் தராசில் குட்டி 1.5 கிலோ இருந்தது.

இனி நீங்களே கணக்கிடுங்கள். 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி அந்த அல்பெண்டசோல் மாத்திரையை விழுங்கினால், அவள் உடலின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 13 மி.கி. மருந்து கிடைக்கிறது. 1.5 கிலோ குட்டிக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் கிலோவுக்கு 267 மி.கி. ஆகிறது. இது இருபது மடங்கு! மேலும், இந்த மருந்து நாய்களின் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக் கூடியது. இரத்த அணுக்கள் உருவாகும் இடம் அதுதான் அல்லவா? மனிதருக்கு நல்ல மருந்து நாய்க்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

புழு எங்கிருந்து வந்தது?

இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி வைக்கும் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புழுக்கள் இனிப்பிலிருந்து பிறப்பதில்லை. முட்டையிலிருந்தோ இளம்புழுவிலிருந்தோதான் வருகின்றன. அப்படியானால், பால் மட்டுமே குடிக்கும் குட்டிக்குப் புழு எப்படி வந்தது?

தாயிடமிருந்துதான். நாயின் உருளைப்புழு, தாய் நாயின் தசைகளில் இளம்புழுவாகப் பல காலம் உறங்கிக் கிடக்கும். நாயின் கர்ப்ப காலம் சுமார் 63 நாள். ஏறக்குறைய 42-ஆம் நாளில் இந்த இளம்புழுக்கள் விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலிருக்கும் குட்டிகளை அடைகின்றன. குட்டி பிறந்த பிறகு நுரையீரலுக்கு வந்து, இருமலுடன் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன. குட்டிக்கு மூன்று வாரம் நிறையும்போதே அவை முட்டையிடத் தொடங்கிவிடலாம்.

கொக்கிப்புழு இன்னும் பொல்லாதது. இது தாய்ப்பால் வழியாகக் குட்டியை அடைகிறது. ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்துக்கொண்டும் நுழைகிறது. தோல் வழியே புழு நுழைய முடியும் என்பதை 1898-இல் வெளியிட்டவர் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மன் அறிஞர். கெய்ரோ நகரில் அவர் மனிதக் கொக்கிப்புழுவை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இளம்புழுக்கள் இருந்த நீர் தவறி அவர் கையில் சிந்தியது. அந்த இடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன!

நாயின் கொக்கிப்புழு ஒன்று முதல் இரண்டு செ.மீ. நீளமே உள்ளது. குடற்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.1 மில்லி வரை இரத்தத்தை வீணாக்கும் என்று கொண்டால், 50 புழுக்கள் 5 மில்லி. ஒரு கிலோ குட்டியின் உடலில் உள்ள மொத்த இரத்தமே சுமார் 80 மில்லிதான். ஒரு வாரத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஈறு வெளுத்துச் சோர்ந்து கிடக்கும் குட்டியை உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும் என்பது இதனால்தான். அதற்கு வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கவே கூடாது.

இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி எனப் புகழ்பெற்ற நாய் இனங்கள் நம் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவை. இவற்றில் இராஜபாளையம் நாய்க்கு 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. தபால்தலையில் இடம் பெற்ற இனமானாலும், வைகைக் கரையில் திரியும் தெரு நாயானாலும், குட்டிக்குப் புழு வரும் வழி ஒன்றே.

ஒரு முறை கொடுத்தால் போதாதா?

போதாது. குடலில் உள்ள புழுக்களை மருந்து கொல்கிறது. உடலின் பிற பகுதிகளில் பயணம் செய்துகொண்டிருக்கும் இளம்புழுக்களைப் பெரும்பாலான மருந்துகள் தொடுவதில்லை. முதல் கூட்டம் வெளியேறியதும், அடுத்த கூட்டம் வந்து குடலை நிரப்புகிறது. ஆகவேதான் குட்டிக்கு 2, 4, 6, 8 வாரங்களில் மருந்து கொடுக்கிறார்கள். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. வளர்ந்த நாய்க்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை. குட்டிகளுக்குக் கொடுக்கும்போது பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கவேண்டும். சினை நாய்க்கு எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

சிறு குட்டிகளுக்குப் பெரும்பாலும் தருவது பைரன்டெல். இது புழுவின் தசைகளை இறுகச் செய்து முடக்குகிறது. பிடி விட்ட புழு மலத்தோடு வெளியேறுகிறது. இம்மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் குட்டிக்குக் கெடுதல் குறைவு. நாடாப்புழுவுக்கு இது பயன்படாது. அதற்குப் பிராசிகுவான்டல் என்ற வேறு மருந்து உண்டு. நாயின் வால் அடியில் அரிசிபோல் ஒட்டியிருப்பவை நாடாப்புழுவின் துண்டுகள். நாய் கடித்து விழுங்கும் தெள்ளுப்பூச்சிக்குள் இந்தப் புழு இருப்பதால், தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் நாடாப்புழுவை ஒழிக்க முடியாது.

சிலர் பாக்கை இடித்துக் கொடுப்பார்கள். பாக்கில் உள்ள அரிக்கோலின் ஒரு காலத்தில் நாய்க்குப் புழு மருந்தாகவே பயன்பட்டதுதான். ஆனால் கடும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் உண்டாக்கியதால், நல்ல மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். குட்டியிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

எடை பார்க்கும் கலை

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறி, இரண்டையும் கழிக்கலாம். 20 கிலோ நாய்க்கு இது சரியான முறை. குட்டிக்கு? இயந்திரம் அரைக் கிலோ தவறாகக் காட்டினால், 20 கிலோவில் பிழை 2.5 விழுக்காடு. 2 கிலோ குட்டியிலோ அதே பிழை 25 விழுக்காடு! இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும்போது பிழை பெருகும் என்பதை ஆய்வகத்தில் படித்திருப்பீர்கள். குட்டியைக் கூடையில் வைத்துச் சமையலறைத் தராசிலோ கடைத் தராசிலோ நிறுத்து, கூடையின் எடையைக் கழியுங்கள்.

அடுத்தது திரவத்தின் செறிவு. மருத்துவர் கிலோவுக்கு 5 மி.கி. என்று சொன்னதாகக் கொள்வோம். 2 கிலோ குட்டிக்குத் தேவை 10 மி.கி. புட்டியில் ஒரு மில்லிக்கு 50 மி.கி. உள்ளதென்றால், கொடுக்கவேண்டியது 0.2 மில்லி மட்டுமே. ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. அதாவது 25 மடங்கு! எனவே கரண்டி வேண்டாம். ஊசி நீக்கிய சிறிய சிரிஞ்சு வேண்டும். குட்டியின் தலையை அண்ணாந்து பிடிக்காமல், வாயின் ஓரத்தில் மெல்ல மெல்ல விடவேண்டும். அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

நமக்கும் பங்கு உண்டு

1950-இல் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்பவர், நோயால் அகற்றப்பட்ட சிறுவர்களின் கண்களை ஆராய்ந்தார். புற்று நோய் என்று கருதி எடுக்கப்பட்ட கண்களும் அவற்றில் இருந்தன. பல கண்களில் அவர் கண்டது புற்று அன்று; இளம்புழுக்கள். அவற்றில் நாயின் உருளைப்புழுவும் உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலில் இந்த முட்டைகள் புகுந்துவிடுகின்றன.

ஆனால் ஒரு நல்ல செய்தி. புதிதாக விழுந்த மலத்திலுள்ள உருளைப்புழு முட்டை உடனே நோய் தராது. மண்ணில் இரண்டு வாரமாவது முதிர வேண்டும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைத்தால் சங்கிலி அறுந்துவிடும். விட்டுவிட்டால் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், ஈர மண்ணில் செருப்பின்றி நடக்காமலிருப்பதும் நம் பங்கு.

மறுநாள் காலையில் அந்த மாணவன், எடையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, குட்டியுடன் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனான். மாத்திரை உறை பிரிக்கப்படாமலே பள்ளிக்குத் திரும்பியது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் குட்டியை நிறுத்து, நோட்டில் வரைபடம் வரைந்தான். முதல் வாரம் கோடு ஏறவில்லை. இரண்டாம் முறை மருந்து கொடுத்த பிறகு ஏறத் தொடங்கியது. பொங்கலுக்குள் குட்டி கூடைக்குள் அடங்கவில்லை.

உங்கள் வீட்டில் குட்டி இருக்கிறதா? இன்றே நிறுத்துப் பாருங்கள்.