இரண்டு சீட்டுக்குக் காசு, ஒரு சீட்டுக்குத்தான் மைல்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமான டிக்கெட் எடுக்கப் பழகிக்கொண்ட வாசகரா நீங்கள்? அப்படியானால் ‘ஃப்ரீக்வென்ட் ஃப்ளையர்’ உறுப்பினர் எண் ஒன்றையும் வாங்கி வைத்திருப்பீர்கள். பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேரும். ஒரு வருடத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சில்வர், கோல்டு என்று நிலை உயரும். இந்த நிலையைச் சீக்கிரம் பிடிக்க ஒரு குறுக்கு வழி இருப்பதாக நினைத்து நான் செய்த காரியத்தை உங்களுக்குச் சொல்கிறேன்.

அலுவலக வேலையாக மாதம் ஒரு முறை சென்னையிலிருந்து டெல்லி போய் வருகிறேன். வருடக் கடைசியில் கணக்கைத் திறந்து பார்த்தால், சில்வருக்கு ஒரு டெல்லி பயணம் அளவுக்குப் புள்ளி குறைந்தது. மீதி இருந்ததோ ஒரே பயணம். அதன் புள்ளிகளையும் சேர்த்துத்தான் இந்தக் குறை. சில்வர் கிடைத்தால் கூடுதல் லக்கேஜ், செக்-இன் செய்யத் தனி வரிசை. முட்டி வலியோடு இருக்கும் அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போக வேண்டும். நீண்ட வரிசையில் நிற்க வைக்காமல் கூட்டிப் போகலாமே என்று ஆசை.

யோசனை சுலபமாகத் தோன்றியது. எனக்கே இரண்டு சீட்டு எடுத்தால் இரண்டு மடங்கு புள்ளி வருமல்லவா?

முதலில் தளத்திற்குப் போய் என் பெயரில் ஒரு டிக்கெட் எடுத்தேன். அதே விமானத்தில் அதே பெயரில் இன்னொன்றும் எடுத்தேன். கார்டில் பணம் போனது, ஆறு எழுத்து பி.என்.ஆர். வந்தது. மறுநாள் காலை மெயிலைத் திறந்தால் இரண்டாவது டிக்கெட் ரத்து என்று செய்தி! ஒரே பெயர், ஒரே விமானம், ஒரே தேதி என்று இரண்டு பதிவுகள் இருந்தால் ‘டூப்ளிகேட்’ என்று தேடிப் பிடித்து நீக்கவே விமானக் கம்பெனிகள் புரோகிராம் வைத்திருக்கின்றன. சீட்டு வீணாகக் காலியாகப் போகக் கூடாதே என்ற கவலை அவர்களுக்கு. பணம் திரும்பி வந்தது.

விடவில்லை நான். கஸ்டமர் கேருக்கு போன் செய்தேன். பக்கத்து இடத்தையும் சேர்த்து வாங்க முறையான வழி உண்டு என்றார்கள். பெரிய வீணையோ செல்லோவோ கொண்டு போகிறவர்கள், உடல் பருமனானவர்கள், தாராளமாக உட்கார விரும்புகிறவர்கள் இப்படி வாங்குவார்களாம். அந்தச் சீட்டுக்குப் பதிவில் பயணியின் பெயர் இருக்கும் இடத்தில் ‘இ.எக்ஸ்.எஸ்.டி.’ என்ற குறியீடு வரும். கூடுதல் சீட்டு என்று அர்த்தம். போக வர 9,000 ரூபாய்ச் சொச்சம் கட்டினேன். இரண்டு போர்டிங் பாஸ் கையில் வந்தபோது சில்வரே வந்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டில் என் பையைத் தவிர யாரும் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தேன். ஒரு சீட்டுக்கு மட்டுமே புள்ளி ஏறியிருந்தது.

மெயில் எழுதிக் கேட்டதற்கு இரண்டே வரியில் பதில். உறுப்பினர் எத்தனை சீட்டு வாங்கினாலும், அவர் உட்கார்ந்து பறந்த ஒரு சீட்டுக்குத்தான் புள்ளியாம். விதிகளில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். இருந்தது, பொடி எழுத்தில்! உறுப்பினர் எண்ணில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் புள்ளியை ஏற்றும். ‘இ.எக்ஸ்.எஸ்.டி.’ என்ற பெயரில் உறுப்பினர் யாரும் இல்லையே.

இந்தத் திட்டங்கள் பிறந்ததே கம்ப்யூட்டரால்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் ‘அட்வான்டேஜ்’ திட்டத்தைத் தொடங்கியபோது, அடிக்கடி பறப்பவர்கள் யார் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஐ.பி.எம்.மோடு சேர்ந்து உருவாக்கிய ‘சேபர்’ முன்பதிவு சிஸ்டத்தில், எந்த போன் நம்பர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடினார்கள். அப்படிப்பட்ட சிஸ்டத்தை ஏமாற்றப் பார்த்தேன் பாருங்கள்!

அதே கம்பெனி 1981-லேயே ‘ஏர்பாஸ்’ என்று ஒன்றையும் விற்றது. ஒரு முறை பணம் கட்டினால் ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் பறக்கலாம். சிகாகோவைச் சேர்ந்த ஸ்டீவன் ராத்ஸ்டீன் 1987-ல் 2,50,000 டாலர் கொடுத்து இதை வாங்கினார். 1989-ல் இன்னொரு 1,50,000 டாலர் கொடுத்து, கூட ஒருவரை அழைத்துச் செல்லும் உரிமையும் பெற்றார். பத்தாயிரம் முறைக்கு மேல் பறந்தார். துணைக்கு ஆள் இல்லாத நாட்களில் பக்கத்து சீட்டைக் கற்பனைப் பெயரில் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று ‘பேக் ராத்ஸ்டீன்’. அதாவது அவருடைய பைக்கு ஒரு சீட்டு! மைலுக்காக அல்ல, பக்கத்து இடம் காலியாக இருக்கட்டும் என்றுதான். கம்பெனி பழைய பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் தோண்டி எடுத்தது. 2008 டிசம்பரில் சிகாகோ விமான நிலையத்தில் பறக்கப் போனவர் கையில் பாஸ் ரத்தான கடிதத்தைக் கொடுத்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஊழியர்கள் அறிந்தேதான் அப்படிப் பதிவு செய்தேன் என்பது அவர் வாதம்.

ஆகவே நண்பர் பெயரிலோ இல்லாத பெயரிலோ இரண்டாவது சீட்டு எடுக்கும் யோசனை வேண்டாம். பறக்காத பெயருக்குப் புள்ளி ஏறாது. உறுப்பினர் கணக்கையே மூடிவிடவும் விதிகளில் இடம் உண்டு.

சரி, நான் முதலிலேயே என்ன செய்திருக்க வேண்டும்? உங்கள் விமானக் கம்பெனியின் தளத்தில் ‘டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்’ என்ற லிங்க்கைக் கிளிக் செய்யுங்கள். பக்கம் நீளமாக இருக்கும், பயப்பட வேண்டாம். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு எஃப் கீயைத் தட்டினால் ஒரு சிறிய தேடல் பெட்டி கிடைக்கும். அதில் ‘எக்ஸ்ட்ரா சீட்’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கிடைக்காவிட்டால் ‘சீட்’ என்று மட்டும் தேடுங்கள். சம்பந்தப்பட்ட பத்தி வந்ததும், கண்ட்ரோல் கீயோடு பி கீயைத் தட்டி, பிரின்டருக்குப் பதிலாக பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு வாதாட இது உதவும்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் இரண்டும் 2015-லும், அமெரிக்கன் 2016-லும், பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கொடுத்த பணத்துக்கு மைல் தர ஆரம்பித்தன. பணத்துக்குத்தான் மைல் என்றால் இரண்டாவது சீட்டுக்கும் தருவதுதான் நியாயம் என்பது என் கட்சி. ஆனால் என் கட்சியை எந்த கம்ப்யூட்டரும் கேட்காது. கம்பெனிக்குக் கம்பெனி விதி வேறு, படித்துத்தான் பார்க்க வேண்டும்.

சில்வர் வரவில்லை. போன மாதம் அம்மாவுக்குக் காசி டிக்கெட் எடுத்தபோது, பெயர் டைப் செய்யும் இடத்துக்குக் கீழே ‘வீல்சேர் தேவையா?’ என்று ஒரு சிறிய கட்டம் இருந்ததைக் கவனித்தேன். டிக் செய்தேன். அதற்குத் தனியாகப் பணம் எதுவும் கேட்கவில்லை.