உப்புக் காற்றில் ஒரு மொறிஸ் மைனர்

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குப் பிரியும் வீதியிலே செல்பவர்கள், ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக, இரு நீர்ப்பரப்புகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் பயணஞ் செய்கின்றனர். களப்போரத்து உப்பளங்களில் வெயிலும் காற்றும் கூடி நீரை உறிஞ்ச, வெள்ளை வெளேரென்று உப்பு விளைகிறது. அதே காற்றுத்தான் தென்னந்தோப்புகளினூடே புகுந்து, வீட்டுக் கொல்லையில் கிடுகுக் கொட்டிலின் கீழ் நிற்கும் பழைய மோட்டார் காரின் கதவிடுக்கிலும் நுழைகிறது. உப்பளத்தில் அது செய்வது ஆக்கம். கொட்டிலில் அது செய்வது அழிவு. இக்கரையிலே பழைய காரொன்றைப் பேணிக்காக்க முற்படுபவன் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய எதிரி இக்காற்றேயாகும்.

இலங்கையில் பழைய கார்கள் நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அன்பு மட்டும் காரணமன்று. இன்மையும் ஒரு காரணம். 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிரப் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. ஒஸ்ரினும் மொறிஸும் ஹில்மனும் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில், கொல்லையில் மறந்துகிடந்த எத்தனையோ வண்டிகள் மறுபடியும் நினைவுக்கு வந்தன.

இவற்றுள் நம்மவர் மனத்தில் தனியிடம் பெற்றது மொறிஸ் மைனர். சுமேர்னாவிற் பிறந்த அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த இக்கார் 1948இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. உற்பத்தி தொடங்கவிருந்த தறுவாயில், வண்டி மிக ஒடுக்கமாயிருப்பதாக அவருக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாய் அறுக்கச்செய்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூடியபோது கண்ணுக்கு இசைந்தது. முன்மூடியின் நடுவிலே ஓடும் தட்டையான பட்டி, அன்றைய அறுவையின் அடையாளமாய் இன்றும் நிற்கிறது. விற்பனையில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவேயாகும்.

அழகு ஒருபுறமிருக்க, அதன் அமைப்பிலே நாம் கவனிக்கவேண்டிய செய்தியொன்றுண்டு. பழைய முறைப்படி கனத்த சட்டத்தின்மேல் உடலை ஏற்றி வைக்காமல், தகடுகளை மடித்துப் பெட்டிகளாக்கி ஒட்டியே இவ்வண்டியின் வலிமை உண்டாக்கப்பட்டது. கதவின் கீழுள்ள படிப்பெட்டியும், பின் வில்லுகள் தொங்கும் இடமும், முன்னிருக்கையின் கீழ்க் குறுக்கே ஓடும் பெட்டியும் அதன் எலும்புகள். ஆகவே, இங்கே துருப்பிடித்தல் தோல் நோயன்று, எலும்புருக்கி நோய்.

அந்நோய் எவ்வாறு பற்றுகிறது? காற்றில் வரும் நுண்ணிய உப்புத்துகள் தகட்டிலே படிகின்றது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டியதும், அவ்வுப்புத் தானே நீரை இழுத்துக் கரைந்துவிடுகின்றது. மழையே வேண்டியதில்லை; கரையோரத்தின் ஓர் இரவு போதும். கரைந்த உப்பிலுள்ள குளோரைட்டு, துருவின் அடியில் ஒளிந்திருந்து மேலும் மேலும் அரிக்கிறது. வெளியே பளபளப்பு, உள்ளே பொடிப்பொடியாய் உதிரும் இரும்பு.

வீட்டிலே வேலை தொடங்குபவன் ஆகவே வர்ணத்தைத் தொடலாகாது. சிறு சுத்தியலால் தகட்டைத் தட்டி ஓசையைக் கேட்கவேண்டும். கணீரென்றால் நலம், மண்பானை உடைந்ததுபோல் ஒலித்தால் அங்கே நோயுண்டு. அடுத்தது குளிப்பாட்டல். உவர்க் கிணற்று நீர் ஆகாது. நன்னீரோ சேமித்த மழைநீரோ கொண்டு, பெட்டிகளின் உட்புறம்வரை பலமுறை கழுவி உப்பை வெளியேற்றவேண்டும். உப்புப் போகாத தகட்டில் பூசும் எவ்வர்ணமும் சில காலத்தில் கொப்புளித்துவிடும்.

சிறு உறுப்புகளைத் தென்னங்கள்ளிலிருந்து எடுக்கும் வினாகிரியில் ஊறவைத்தால் துரு கரையும்; பின்னர் சோடா நீரில் அலசிப் புளிப்பை முறித்து, உடனே உலர்த்தி எண்ணெயிடவேண்டும். பெரிய உறுப்புகளுக்கு மின்முறை நன்று. சலவைச் சோடா கரைத்த பிளாஸ்திக்குத் தொட்டியில் உறுப்பை இறக்கி, பற்றரி ஊட்டியின் எதிர்முனையை அதிலும், நேர்முனையை வேண்டாத இரும்புத் துண்டிலும் இணைத்தால் துரு தளர்ந்து விழும். வெளிவரும் ஐதரசன் வாயு தீப்பற்றக்கூடியதாகையால் திறந்தவெளியிலேயே இதைச் செய்யவேண்டும். துருவேறா உருக்கை நேர்முனையில் வைத்தலாகாது; நச்சுக் குரோமியம் நீரிலே கலந்துவிடும்.

உளுத்துப்போன தகட்டை வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டுவதே நேர்மையான வைத்தியம். படிப்பெட்டியை வெட்டுமுன் கதவு வாயிலுக்குக் குறுக்கே இரும்புச் சலாகை பொருத்திக்கொள்ளாவிடில், உடல் நடுவிலே தொய்ந்து, பின்னர் கதவு மூடாது. ஒட்டியபின் நாகம் கலந்த அடிவர்ணம். கதவுகளின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்களைத் திறந்துவிடல். பெட்டிகளுக்குள் எண்ணெய் பாய்ச்சல். இதிலே கடற்கரை மக்களுக்கு வியப்புத் தராத ஒரு கதையுண்டு. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த கப்பற் தலைவர் ரொபேட் பேர்கசன், துருப்பிடித்த கப்பற்றளத்தில் சிந்திய மீனெண்ணெய் துருவைத் தடுத்து நிற்பதைக் கண்டார். அவ்வவதானமே 1921இல் ரஸ்ட்-ஓலியம் என்னும் வர்ணத் தொழிலாக வளர்ந்தது. தோணிகளுக்கு மீனெண்ணெய் பூசிய கரைகளுக்கு இப்பாடம் அந்நியமானதன்று.

உதிரிப்பாகங்களுக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் ஒரு விந்தையும் நிகழ்ந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவரின் முயற்சியால், இவ்வண்டியின் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டன. தாய்நாடு செய்ய மறந்ததை இறக்குமதி செய்த நாடு செய்து கொடுத்தது. சுத்தியலும் தாங்குகட்டையும் கொண்டு தகட்டை வளைக்கும் நம் பாஸ்மாரின் கைத்திறன் அத்தகையது. அக்கையுடையோர் முதுமையடைந்து வருகின்றனர். கற்றுக்கொள்ள வருவோரோ சிலர்.

இனி, மனச்சாட்சி பற்றிய செய்திக்கு வருவோம். ஓட்டையிலே கடதாசியைத் திணித்து, மேலே பட்டி தடவி, தேய்த்து மினுக்கி, வர்ணம் அடித்து வண்டியை விற்றுவிடுவது எளிது. விலையும் கிடைக்கும், வாங்குபவன் கண்ணுக்கு எதுவும் தோன்றாது. ஆயின், இவ்வண்டியின் பிறேக்குச் சிலிண்டர் சாரதியின் காலடியிலுள்ள பெட்டிச் சட்டத்துள் இருக்கிறது, அச்சட்டம் உளுத்திருந்தால்? முன்சக்கரத்தைத் தாங்கும் மரையிட்ட மூட்டிற்குக் கிறீஸ் ஊட்டாது விட்டுத் தேயவிட்டால், ஓடும்போதே சக்கரம் மடிந்து வீழக்கூடும். முன்னிருக்கையில் ஒரு தாய் குழந்தையோடு அமர்ந்திருக்கலாம். வர்ணத்தின் கீழ் மறைத்தது துருவை மட்டுமன்று. ஓர் உயிரின் பாதுகாப்பையுமாகும்.

எனவே, பழைய காரைத் திருத்துபவன் எடுக்கவேண்டிய முதல் ஆயுதம் சுத்தியலன்று, உண்மை. எது நல்லது, எது கெட்டது, எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று ஒரு கொப்பியிலே எழுதிவைத்து வண்டியோடு கொடுப்பவன், அடுத்த தலைமுறைக்குக் காரை மட்டும் கொடுப்பதில்லை, நம்பிக்கையையும் கொடுக்கிறான். உப்புக் காற்று என்றும் வீசிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்த நம்மால் இயலாது. அது தின்ற இடத்தை மறைக்காதிருக்க இயலும்.