காந்தம் ஒட்டினால் மட்டமா?

பாத்திரக் கடைக்குக் கையில் காந்தத்தோடு போகும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒட்டிவிட்டால் போச்சு! "இது டூப்ளிகேட், வேற காட்டுங்க" என்று தள்ளிவிடுவார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி.

எவர்சில்வரில் பல ரகம் உண்டு. இரும்போடு குரோமியம் சேரும்போது மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகி, துரு ஏறாமல் காக்கிறது. 304 என்ற ரகத்தில் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. நிக்கல் இருப்பதால்தான் அதில் காந்தம் ஒட்டுவதில்லை. 430 ரகத்தில் குரோமியம் 16 முதல் 18 வரை உண்டு, நிக்கல் சேர்ப்பதில்லை. அதனால் காந்தம் பிடிக்கும், விலையும் குறைவு. 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயம்கூட இந்த இனம்தான். இரும்பு 83, குரோமியம் 17. எத்தனை கை மாறி, எத்தனை வியர்வை பட்டு வருகிறது, பாருங்கள்!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசைப் பாத்திரத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் துருவைத் தாங்குவதில் அது 304க்கு ஈடில்லை. முலாம் பூசிய வெறும் இரும்பிலோ காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆகவே காந்தத்தை மட்டும் நம்பாமல் ரகத்தின் எண்ணைக் கேளுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

என் நாத்தனார் மகள் தனிக்குடித்தனம் போனபோது இண்டக்ஷன் அடுப்பு வாங்கினாள். சீர் வந்த பாத்திரங்களில் பாதி அதில் சூடாகவே இல்லை. காந்தம் பிடிக்கும் அடிப்பாகம்தான் அதற்கு வேண்டும். "இண்டக்ஷன் பாட்டம்" என்று விற்பவற்றில் நடுவே அலுமினியமும், அடியில் பெரும்பாலும் 430 தகடும் வைத்திருப்பார்கள். இங்கே காந்தம் ஒட்டுவதுதான் நல்லது!

430க்குப் பகை உப்புதான். ஊறுகாய், உப்பு நார்த்தங்காய், கரைத்த புளி இதிலெல்லாம் வைக்காதீர்கள். ஊசி குத்தினாற்போல் புள்ளி விழும். அவற்றுக்குப் பீங்கான் ஜாடியே சரி. தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போட்டுக் கலக்குங்கள். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துணுக்கு ஒட்டித் துருவாகத் தெரியும். தேங்காய் நார் போதும். பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. கழுவியதும் ஈரத்தைத் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். சூட்டில் வானவில் போல நிறம் படிந்தால் பயப்பட வேண்டாம், எலுமிச்சை மூடியால் தேய்த்து அலம்பினால் போய்விடும்.